வட்டானையின் பைக்குக்கு லைனர் அடித்த மூன்று நாள்

எரிந்த டூ-ஸ்ட்ரோக் ஒயில் மணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது மூக்கோடு நிற்பதில்லை, நேரே முழங்காலுக்கு இறங்கும். போன கிழமை கல்முனைக் கடற்கரை வீதியில் ஒரு டேர்ட் பைக் நீலப் புகையை வாலாக இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. பைக் போய்விட்டது, புகையும் காற்றோடு போய்விட்டது. நான் மட்டும் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மண்ணெண்ணெய்த் தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

எனக்கு இப்போது வயது ஐம்பத்தாறு. ஓய்வு பெற்றவன். மாலை போட்டு யாரும் அனுப்பவில்லை. என் வலது தோள்பட்டை ஒருநாள் காலையில் ராஜினாமாக் கடிதம் நீட்டியது, மற்ற உறுப்புகள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டன. கல்முனைக்குடியில் நான் வேலை செய்த கராஜில் இப்போது இருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சிலிண்டர் தேய்ந்தால் போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். மறுநாள் பஸ்ஸில் பிஸ்டன், ரிங், புளொக் எல்லாம் ஒரே பெட்டியில், பெண் வீட்டுச் சீதனம் போல வந்து இறங்குகிறது. நான்கு நட்டுக் கழற்றி நான்கு நட்டுப் பூட்டுகிறார்கள். இதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தப் பெட்டி முப்பது வருடம் முந்தி வந்திருந்தால் என் தோள்பட்டை இன்றைக்கும் பதவியில் இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான், அண்ணனைக் கூப்பிடும் மரியாதையோடு, கேட்டான். “காக்கா, நீங்கெல்லாம் அந்தக் காலத்தில புளொக்குக்கு லைனர் அடிச்சிரிக்கிங்களாம். அது என்னகா?”

என்ன சொல்வது? எஞ்சின் என்பது ஒரு துளை, அதைச் சுமக்கும் உலோகக் கட்டிதான் புளொக். அந்தத் துளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கித் துளை தேய்கிறது, வட்டமாக இருந்தது முட்டையாகிறது. தேய்ந்த துளையை மெஷினில் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதற்குப் பெயர் போர் அடித்தல். குடைந்து குடைந்து இனிக் குடைய இடமில்லை என்றானால், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயைத் தட்டிக் கழற்றிப் புதுக் குழாய் இறக்குவதற்குப் பெயர் லைனர் அடித்தல். அவனிடம் இவ்வளவும் சொன்னேன். சொல்லாமல் விட்டது, நான் முதல் லைனர் அடித்தது எதற்காக என்பதை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

படிப்பைச் சுருக்கமாக முடிக்கலாம். முதல் இரண்டு வருடம் கழுவினேன். அடுத்த இரண்டு வருடம், கழுவியதைத் துடைத்தேன். ஐந்தாம் வருடம் ஸ்பேனர் பிடிக்க விட்டார்கள். ஏழாம் வருடம் போரிங் மெஷினுக்கு எண்ணெய் விடும் பாக்கியம் கிடைத்தது. பட்டமளிப்பு விழா ஏதும் நடக்கவில்லை.

கராஜுக்குச் சொந்தக்காரர் சேகுலெவ்வை பாஸ். எங்கள் பக்கத்தில் கைவேலையில் தேர்ந்த எவரும் பாஸ்தான். போரிங் மெஷினை அவர் “இவர்” என்பார். என்னை “இது” என்பார். “இவர் களைச்சிப் போனார், இதுக்கு விளங்குதில்ல” என்றால், மெஷின் சூடேறிவிட்டது, நான் நிறுத்தவில்லை என்று பொருள். ஏச மாட்டார், கத்த மாட்டார். “மாஷா அல்லாஹ், என்ன வடிவான வேல!” என்பார். கேட்டதும் பூட்டிய எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்துவிட வேண்டும். வேலை உண்மையிலேயே சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அவர் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு என்னால் பெரிய வருமானம் இருக்கவில்லை.

அந்தக் கராஜுக்கு ஒரு புதன்கிழமை உதுமாலெவ்வை வட்டவிதானை தன் டேர்ட் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வட்டையின், அதாவது ஒரு வயல்வெளியின், நெற்காணிக்காரர்கள் கூடித் தண்ணீர் பங்கிடத் தெரிவு செய்யும் ஆள்தான் வட்டவிதானை. வாயில் வசதியாக, வட்டானை. ஐம்பது கடந்த மனிதர். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாறன், அதற்குக் கீழே ஆளுயரத்துக்கு நிற்கும் ஜப்பான் டேர்ட் பைக். ஒட்டகத்தின் மேல் நெல் மூட்டை ஏற்றிவிட்டது போல இருக்கும். ஆனால் மாரி காலத்தில் வாய்க்கால் கட்டின் சேற்றில் மற்றவர்களின் பைக்குகள் வயிறுவரை புதைந்து நிற்கும்போது, அந்த ஒட்டகம் மட்டும் போகும்.

இப்போது அது போகவில்லை. உதைத்தால் டப்பாவுக்குள் கூழாங்கல் உருட்டும் சத்தம் மட்டும் வந்தது.

“திங்கக்கிழம விடிய எங்கட தண்ணி முற, பாஸ்,” என்றார் வட்டானை. “மூணே நாளைக்கித்தான் தண்ணி. மேல் துருசில தண்ணிக் கதவு தொறக்கிற நேரம் நான் அங்க நிக்கணும். நிக்காட்டி மேல் காணிக்காரன் தன்ட வரம்ப வெட்டி உட்டுடுவான்.”

“போன முற என்ன நடந்த?”

“இந்த ஹராங்குட்டி பைக் நடு வழியில நிண்ட. நான் நடந்து போய்ச் சேரக்குள்ள தண்ணி மேல் காணியில. மாவடிப்பள்ளிப் பக்கம் எங்கட கடைசிக் கண்டம் பாளம் பாளமா வெடிச்சிக் கிடக்கு. பயிர் குடலையில நிக்கிது பாஸ், கதிர் வரப்போற நேரம், இப்ப தண்ணி இல்லாட்டி எல்லாம் பதர்தான். சனம் எனக்கு சலாம் செல்றத்தையே உட்டுட்டு.” பைக்கின் டேங்கில் உள்ளங்கையால் தட்டினார். “அந்தக் கண்டத்தில என்ட காணி ஒரு துண்டும் இல்ல. அதுதான் நான் வேணுமெண்டு பிந்தின எண்டு எல்லாரும் கதைக்கிறானுகள்.”

பாஸ் ஸ்பேனரை எடுத்தார். மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார், புளொக்கை உருவி எடுத்தார், சுட்டுவிரல் நகத்தைத் துளைக்குள் வைத்து அடியிலிருந்து மேலே மெதுவாக இழுத்தார். மேல் விளிம்புக்குக் கீழே நகம் தடக்கியது. ரிங் போய்த் திரும்பும் இடம் அது. அங்கே படி விழுந்திருந்தால் துளையின் காலம் முடிந்தது. பிறகு டயல் கேஜை எடுத்தார். மேலே, நடுவில், கீழே. குறுக்கே ஒருக்கால், நெடுக்கே ஒருக்கால். ஆறு அளவு. நகம் சொன்னதைத்தான் கேஜும் சொன்னது. ஆனால் நகத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் கேஜ் வைத்திருந்தார்.

ஏற்கெனவே இரண்டு தரம் போர் அடித்த புளொக். மூன்றாம் அளவுப் பிஸ்டன் கொழும்பிலிருந்து வியாழன் பஸ்ஸில் வந்தது. பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் துளை குடைய வேண்டும், அதுவும் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு மேல் இரண்டு தௌ மட்டும் இடம் விட்டு. தௌ என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் ஒன்று. இரண்டு தௌவுக்கு மேல் போனால் கூழாங்கல் சத்தம் திரும்பி வரும். குறைந்தால் பிஸ்டன் சூட்டில் வீங்கித் துளைக்குள் இறுகிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலையில் சாய்ந்தமருதில் ஒரு ஜனாஸா நல்லடக்கம். பாஸ் சால்வையைத் தோளில் போட்டபடி சொன்னார்: “ரெண்டு வெட்டு ஓட்டு. கடைசி வெட்டு நான் வந்து. மணியப் பாத்துக்க.”

மூன்று வசனம். மூன்றிலும் எனக்குத் திருத்தங்கள் இருந்தன. இரண்டு வெட்டும் அழகாக முடிந்தன. மணி பன்னிரண்டாகக் கால்மணி இருந்தது. வட்டானை வாசலில் நின்று, “என்ன மனே, முடியலியா? இன்னும் கொஞ்சம்தானே?” என்றார். கொஞ்சம்தான். கடைசி வெட்டுக்கு இருபது நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டேன். பாஸ் வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும், அவர் நேரே தேத்தண்ணிக்குப் போவார் என்றும் கணக்குப் போட்டேன். மெஷினைப் போட்டேன்.

கடைசி வெட்டை நடுவில் நிறுத்தக்கூடாது. வெட்டும் முனை இரும்புக்குள் கிடக்கும்போது மெஷின் நின்றால், நின்ற இடத்தில் கோடு விழும். இது முதல் வருடம் கழுவிக்கொண்டிருந்தவனுக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் இன்னொன்றும் எல்லாருக்கும் தெரியும். பாங்கு சொன்னால் சத்தம் நிற்கும். வெல்டிங், கிரைண்டர், றேடியோ, தச்சனின் வாள், எல்லாம். யோசித்து நிறுத்துவதில்லை. கை தானாகப் போகும், மூளைக்குச் சொல்லிவிட்டுப் போகாது.

வெட்டும் முனை துளையின் நடுவில், புகை வெளியேறும் வாசலுக்குச் சற்று மேலே இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளி ஒலிபெருக்கி ஒரு தரம் கரகரத்தது. முதல் தக்பீர். என் கை போனது. மெஷின் நின்றது.

அந்த அமைதியில் பாங்கு முழுவதையும் கேட்டேன். அவ்வளவு உள்ளச்சத்தோடு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முடிந்ததும் இரண்டாவது பிழையைச் செய்தேன். ஒன்றும் நடக்காதது போல மெஷினைத் திரும்பப் போட்டேன். முனை ஒரு துள்ளுத் துள்ளி இரும்பைக் கடித்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து பாஸ் வந்தார். நகத்தை உள்ளே விட்டார். நகம் நடுவில் நின்றது.

“மாஷா அல்லாஹ்,” என்றார்.

“பாங்கு சென்ன பாஸ், அதுதான்...”

“பாங்குக்கு நிப்பாட்டினது பிழையில்ல. பாங்கு ஆயிரத்தி நானூறு வருஷமா நேரத்துக்கு வந்துக்கிட்டிரிக்கி. ஒனக்கு மட்டும் இண்டைக்கித் திடீரெண்டு வந்ததா?”

வட்டானை பள்ளியிலிருந்து நேரே கராஜுக்கு வந்தார். பாஸ் ஒளிக்கவில்லை. “இது ஒங்கட புளொக்கக் கெடுத்துட்டு,” என்று என்னைக் காட்டினார். “இதுவே செஞ்சும் தரும்.”

வட்டானை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “எப்ப? நெல்லு வெட்டின புறகா?”

கோட்டை அழிக்க அடுத்த அளவுக்குக் குடைய வேண்டும். அந்த அளவுப் பிஸ்டனுக்குக் கொழும்பில் மூன்று கிழமை என்றார்கள், அதுவும் சண்டைக்கு நடுவில் பாதை திறந்திருந்தால். கையில் இருப்பதோ மூன்றாம் அளவு. துளை அதற்குப் பெரிதாகப் போகிறது. பாஸ் பின்வளவுக்குப் போய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். அரிசி மில்லில் கழித்து எறிந்த வார்ப்பிரும்புப் புஷ் ஒன்றை எடுத்தார், முன்னங்கை மொத்தத்தில் தடித்த குழாய். சுத்தியலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். அரம் ஓட்டி, விழுந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார். கறுப்பாக, மையைப் போல இருந்தது.

“புளொக்குக்குள்ள கிடக்கிற குழாயக் கழட்டி எறி. இதக் கடைஞ்சி லைனராக்கி இறக்கு. புறகு கையில இரிக்கிற பிஸ்டன் அளவுக்கே குடை,” என்றார். “சனி, ஞாயிறு. ரெண்டு நாள். பாங்கு பத்துத் தரம் செல்லும். முன்கூட்டியே செல்லி வைக்கிறன்.”

பழைய குழாயைத் தட்டிக் கழற்றி மாதிரிக்கு வைத்துக்கொண்டு, சனிக்கிழமை முழுவதும் கடைந்தேன், அராவினேன். டூ-ஸ்ட்ரோக்கில் கேடு என்னவென்றால், குழாய் வெறும் குழாயாக இருந்தால் போதாது. காற்று வர, எண்ணெய்ப் புகை போக, பக்கத்தில் வாசல்கள் வேண்டும். பழைய குழாயில் இருந்த இடத்திலேயே, அதே உயரத்தில். பெயின்ட் பூசி அடையாளம் கீறி, வரிசையாகத் துளை போட்டு, துளைகளுக்கு இடையில் இருந்ததை அரத்தால் அராவி எடுத்தேன். ஒவ்வொரு வாசல் விளிம்பையும் மழுக்க வேண்டும், கூர் இருந்தால் ரிங் அதில் கொழுவி முறியும். பின்னேரம் விரல் நுனியில் ரேகை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் என்னை யாராவது கைரேகை கேட்டிருந்தால் பெரிய சந்தேக நபராகியிருப்பேன்.

ஞாயிறு காலை பத்து மணி. லைனரை இறக்க, புளொக் நன்றாகச் சூடேறி விரிய வேண்டும், லைனர் நன்றாகக் குளிர்ந்து சுருங்க வேண்டும். சூட்டுக்குப் பாஸ் தெரிவு செய்த இடம் மஜீதின் பேக்கரி. குளிருக்குக் கடற்கரையில் மீன் வாடி. லைனரைப் பொலித்தீனில் சுற்றி, சூரை மீனோடு ஐஸ் பெட்டியில் படுக்க வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

காலைப் பாண் இறக்கி முடிந்த போறணை அடுப்பு இன்னும் கொதித்தது. மஜீத் வாசலை மறித்து நின்றான்.

“என்னகா இது? ரொட்டியா, பணிசா?”

“பைக்குப் புளொக் மச்சான். அரை மணித்தியாலம்.”

“எண்ணெ மணம் ஏறி நாளைக்குப் பாண் நாறினா?”

“ஒன்ட பாண் நாறுறத்துக்கு எங்கட புளொக் எதுக்குடா?” என்றார் பாஸ். “தள்ளு.”

நீண்ட பலகையில் வைத்து, பாண் தள்ளுவது போலவே புளொக்கை உள்ளே தள்ளினோம். பாண் சுற்றும் தாளில் ஒரு துண்டை அதன் மேல் வைத்தார் பாஸ். தாள் பழுத்து மண்ணிறமானால் போதும், கறுத்தால் கூடிவிட்டது. நான் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். போறணைச் சூடு முகத்தில், மீன் நாற்றம் மடியில்.

தாள் பழுத்தது. புளொக்கை இழுத்து மேசையில் நிறுத்தினார். “போடு.”

“நீங்க போடுங்க பாஸ்.”

“கெடுத்தது நானா?”

லைனரைத் துடைத்தேன். ஈரம் இருக்கக்கூடாது. மேல் விளிம்பில் ஒரு கோடு, புளொக்கில் ஒரு கோடு. இரண்டும் சேர வேண்டும். லைனர் சூட்டைத் தொட்ட பிறகு மூன்றுவரை எண்ணத்தான் நேரம், அதற்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும். பாதியில் பிடித்தால் இரண்டும் குப்பை. திரும்பிப் பிடித்தால் வாசல்கள் சுவருக்கு நேரே திறக்கும், கடைசிக் கண்டம் முழுக்கப் பதர்.

பிஸ்மில்லாஹ் சொல்லி லைனரை உள்ளே விட்டேன். கிணற்றில் வாளி விழுந்தது போல இறங்கி “டக்” என்று அடியில் உட்கார்ந்தது. கோடும் கோடும் ஒரு மயிரளவு விலகி நின்றன. பாஸ் குனிந்து பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், வாசல்களுக்குள் சின்னி விரலை விட்டுச் சுற்றினார்.

“மஜீத், தேத்தண்ணி இரிக்கா?” என்றார்.

நண்பகல் லுஹர் தொழுது வந்து, பின்னேர அஸருக்கு முன் குடைந்து முடித்தேன். பாஸ் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மெஷினின் தலையில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். இரண்டு தௌ. குறுக்கும் நெடுக்குமாகக் கல் ஓட்டிப் பளபளப்பைக் கொன்றேன். எண்ணெய் பிடித்து நிற்க அந்தக் கீறல்கள் வேண்டும். பிஸ்டனின் அம்புக்குறி புகை வாசல் பக்கம், ரிங்கின் வாய் அதன் ஆணியில். பொழுது சாயும் மஃரிபுக்கு முன் பூட்டி உதைத்தேன். மூன்றாம் உதையில் எடுத்தது. கூழாங்கல் இல்லை.

ஆனால் புது எஞ்சின் புது மருமகன் மாதிரி. முதல் கொஞ்சக் காலம் அவசரப்படுத்தினால் இறுகிக்கொள்ளும். மெதுவாக ஓட வேண்டும், இடையிடையே ஆற விட வேண்டும். திங்கள் விடிய ஒன்பது மைல் போய்த் துருசில் நிற்க வேண்டிய மனிதரிடம் இதை யார் சொல்வது?

“நீயும் பின்னால ஏறிப் போ,” என்றார் பாஸ். “எஞ்சின் இறுகப் போறத்துக்கு முந்தி ஒரு மணம் வரும். அதப் பிடிக்க ஒரு மூக்கு வேணும்.”

விடியுமுன் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மாவடிப்பள்ளிப் பாலம் தாண்டியதும் வட்டானையின் மணிக்கட்டு முறுகத் தொடங்கியது.

“மெதுவாப் போங்க வட்டானை!”

“மையத்துத் தூக்கிற சந்தூக்கும் இதவிட வேகமாப் போகும் மனே!”

“வேகமாப் போனா பைக்கத்தான் சந்தூக்கில வைக்கணும்!”

வழியில் இரண்டு சோதனைச் சாவடி. இரண்டிலும் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை தள்ள வேண்டும். வழக்கமாக வாய்க்குள் ஏசுவேன். அன்றைக்கு ஆமைபோல் தள்ளினேன். அந்த வருடங்களில் அரசாங்கம் எங்களுக்குச் செய்து தந்த ஒரே எஞ்சின் பராமரிப்பு அது.

ஆறாம் மைலில், வாய்க்கால் கட்டின் மேட்டில், மணம் வந்தது. சட்டி அடிப்பிடிக்கும் மணம். எஞ்சின் பாட்டு ஒரு சுதி இறங்கியது. வாயால் சொல்ல நேரமில்லை. பின்னாலிருந்து எட்டி, அவர் விரல்களோடு சேர்த்து கிளச்சை அழுத்தினேன். பைக் ஆடி ஆடி வரம்பு ஓரத்தில் நின்றது.

“கொல்லப் பாக்கிறியாடா?”

“அஞ்சி நிமிஷம். ஆறட்டும்.”

“சூரியன் கிளம்பிட்டு மனே. அஞ்சி நிமிஷத்தில வரம்பு வெட்டலாம்!”

“இறுகினா மூணு மைல் நடக்கணும். போன முற மாதிரி.”

அவர் பைக்கை விட்டு இறங்கினார். பிளக்கைக் கழற்றித் துளைக்குள் எண்ணெய் சொட்டவிட்டேன். இருவரும் வரம்பில் குந்தினோம். கீழே வாய்க்காலில் சேறு காய்ந்து செதில் செதிலாகச் சுருண்டு கிடந்தது. வட்டானை ஒரு செதிலை எடுத்து நொறுக்கினார், பிறகு இன்னொன்று. ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உதை மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் இறுகியிருக்கவில்லை, பிளக்கைப் பூட்டி மெதுவாகப் புறப்பட்டோம்.

துருசில் மேல் காணிக்காரர் நாலைந்து பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். எங்களைக் கண்டதும் ஒருவர் சிரித்தார். “என்ன வட்டானை, நடந்தெல்லவா வருவீங்க எண்டு பாத்தம்!”

“மண்வெட்டியோட எங்க போறீங்க? மய்யவாடிக்கா, குழி வெட்டவா?” என்றார் வட்டானை. மண்வெட்டிகள் தோளிலிருந்து இறங்கின.

நீர்ப்பாசன ஓவசியர் வந்து கதவைத் திருகினார். முதலில் நுரை, பிறகு சருகு, பிறகு தண்ணீர். காய்ந்த சேற்றை நக்கி நக்கி, ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று நிறைந்து, அவசரமில்லாமல் கீழே நகர்ந்தது. இனி வட்டானை தனியே, கட்டு வழியே, கடைசிக் கண்டம்வரை காவலாகப் போக வேண்டும். ஓர் உழவு மெஷின் ஊர்ப்பக்கம் புறப்பட்டு எனக்காக உறுமிக்கொண்டு நின்றது. எண்ணெய்ப் போத்தலை அவர் சாறன் மடியில் செருகினேன். நான் இல்லாமல் அந்த மணிக்கட்டை யார் பிடிப்பது என்ற பயம் எனக்கு.

“வட்டானை, அல்லாவுக்காக மெதுவாப் போங்க.”

அவர் பைக்கை உதைத்தார். ஒரே உதையில் எடுத்தது. வாய்க்காலில் தண்ணீரின் நுனி எங்கே போகிறதென்று பார்த்தார், அதற்கு நேராகப் பைக்கை விட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே சொன்னார்:

“தண்ணிய முந்திப் போய் நான் என்னத்த மனே காணப் போறன்? அது போற போக்கில நானும் போறன். நீ போ.”